எதிர்க்கடைக் கண்ணாடிகள்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போக்குவரத்து அதிகாரி எண்ண வரும்போது அந்தத் தெருவில் பன்னிரண்டு கடைகள் திறந்திருந்தால் இனிப் பேருந்து அங்கே நிற்கும். ஒன்று குறைந்தாலும் புறவழிச்சாலையோடு போய்விடும். வியாபாரிகள் சங்கச் செயலாளரான தையல்காரம்மா வீடு வீடாகப் படியேறிப் பத்துப் பேரைச் சம்மதிக்க வைத்துவிட்டாள்; தன் கடையோடு பதினொன்று. மீதி, செருப்புக்கடைக்காரர். மூன்று மாதமாக அவர் கடை பூட்டியே கிடந்தது.

புதன்கிழமை மதியம் அவர் வாசலில் போய் நின்றாள்.

"ஊரு வளரணும்னா ஆளுக்கு ஒரு கை கொடுக்கணும்ணே. நீங்க மட்டும் கையைக் கட்டிட்டு நின்னா எப்படி?"

"வளரட்டும்மா, யாரு வேண்டாம்னா? அங்க உக்கார முடியல. அதுங்க பாக்குது."

"பாத்தாத்தானே வியாபாரம்?"

அவர் சிரிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வந்து கடையைத் திறந்து காட்டினார்.

எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை. அதன் உரிமையாளர் இறந்து மூன்று மாதம். சாவி சங்கத்தில், அதாவது அவள் இடுப்பில் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, தட்டுகளில் நாற்பது மூக்குக்கண்ணாடிகள். அத்தனையும் செருப்புக்கடைக்காரரையே பார்த்தன. அவர் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தார். எதுவும் அசைந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அத்தனையும் மறுபடி அவர் மேல்தான் இருந்தன. தட்டுகளில் படிந்த தூசியில் ஒரு கோடுகூட இல்லை.

அவள் இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வெளியே போகிறவர் எதிர்க்கடையில் "கொஞ்சம் பாத்துக்கங்க" என்பார். திரும்பியதும் "வந்துட்டேன்" என்பார். அப்போதுதான் காவல் தீரும். அது அந்தத் தெருவின் வழக்கம்.

"அன்னிக்கு அந்தக் கண்ணாடிக்கடைத் தம்பி சொல்லிட்டுத்தாம்மா போனான்," என்றார் செருப்புக்கடைக்காரர். "எனக்குப் பசி. அஞ்சு நிமிஷந்தானேன்னு நானும் பூட்டிட்டுப் போயிட்டேன். அவன் போன வழியிலேயே விழுந்துட்டான். வந்துட்டேன்னு சொல்ல வரவே இல்ல."

"அப்ப நீங்க போய்ச் சொல்லுங்கண்ணே. நான் பக்கத்துல நிக்கிறேன்."

அவர் தெருவைக் கடந்து, கதவில் நெற்றி படுகிற மாதிரி நின்றார்.

"தப்புதான் தம்பி. உன் கடைக்கு ஒண்ணும் ஆகல. நீ நிம்மதியாப் போ."

மாலைவரை அவள் செருப்பு அளவு பார்க்கும் பலகையில் அவரோடு உட்கார்ந்திருந்தாள். அவருக்காக மனத்துக்குள் வேண்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு வந்த அதிகாரி எண்ணினார். பன்னிரண்டு. எழுதிக்கொண்டு போனார். பிறகுதான் இருவரும் எதிரே திரும்பிப் பார்த்தார்கள். நாற்பது கண்ணாடிகளும், கடை அடைக்கும் நேரத்தில் மடித்து வைப்பதுபோலக் காம்பு மடங்கிக் கிடந்தன. தூசி அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை முதன்முதலாகப் பேருந்து வந்தது. நூல் வாங்கப் புறப்பட்ட தையல்காரம்மா ஓடுகிற அவசரத்தில், பழக்கதோஷத்தில், பக்கத்திலிருந்த கதவைப் பார்த்து, "கொஞ்சம் பாத்துக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டாள். ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது எந்தக் கதவு என்று உறைத்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு கண்ணாடி மட்டும் விரிந்து, அவள் கடைப் பக்கம் திரும்பியிருந்தது.

நூல்கடையில் அவள் நிறம்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அடுத்த வண்டியிலேயே திரும்பினாள். தன் கடைக்குப் போகுமுன் நேரே அந்தக் கதவருகே வந்தாள்.

"வந்துட்டேன்ணே. நன்றி."

அது மடங்கியதா என்று அவள் நின்று பார்க்கவில்லை. நமக்காகக் காத்திருந்தவரிடம் திரும்பி வந்து ஒரு வார்த்தை சொல்வதுதான் நம் வேலை.