டக் அவுட் பஜ்ஜி

சிதம்பரநாதன் மட்டையோடு இறங்கினாலே பந்து வீசுகிறவன் பயந்துபோவான். அப்படி ஒரு காலம். தி.நகர் ஜவுளிக்கடைக் குடும்பத்துப் பிள்ளை, மாநில அணிக்கு ஆடியவர், ஹெல்மெட் போடாதவர், மைதானத்தில் யாரோடும் பேசாதவர். ஒருமுறை அவர் அடித்த அடியில் இனாயத் என்ற வேகப்பந்து வீச்சாளரின் விரல் முறிந்தது. அப்போதும் 'என்ன ஆச்சு' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேசினால் மற்றவர்களுக்குத் தன்மேல் உள்ள பயம் போய்விடும் என்று நினைத்தார். நன்றாக நினைத்தார், போங்கள்!

இப்போது மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டார். கோட்டூர்புரம் வீட்டில் அவரும் டி.வி.யும்தான்.

ஞாயிறு காலையில் மயிலாப்பூர்ப் பள்ளி மைதானம் ஒன்றில் பழைய ஆட்டக்காரர்கள் டென்னிஸ் பந்தில் ஆடுவார்கள். அங்கே ஒரு சட்டம் உண்டு. ரன் எடுக்காமல் அவுட்டானவர் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித் தரவேண்டும். தின்று முடிக்கும்வரை மற்றவர்கள் அவரை ஓட்டித் தள்ளுவார்கள். அந்தக் கிண்டலுக்கு ஏங்கித்தான் சிதம்பரநாதன் வாராவாரம் போனார். ஆனால் அவருக்கு மட்டும் பந்து பூப்போல வரும். கேட்ச் வந்தால் ஒருவரும் கை நீட்டமாட்டார்கள். வேண்டுமென்றே அவுட்டாகவோ அவருடைய கை சம்மதிக்காது.

இந்த ஞாயிறு அதே இனாயத் தன்னை மறந்து பழைய வேகத்தில் ஒன்றைப் போட்டுவிட்டார். முதல் பந்து. நடு ஸ்டம்பு சாய்ந்தது.



"நோ பால்!" என்று நடுவராக நின்ற ஸ்ரீரங்கன் அவசரமாகக் கையை நீட்டினார். "கால் நன்னா வெளில போயிடுத்து சார்."

"ஆமா சார், ஸ்லிப்பாயிடுச்சி. நீங்க ஆடுங்க சார்" என்றார் இனாயத்.

"அவுட்டுப்பா. க்ளீன் போல்டு. பஜ்ஜி நான்தான்."

முதல் மேட்ச் ஆடப்போகிறவர் மாதிரி வேகவேகமாகக் கடைக்குப் போனார் சிதம்பரநாதன். சுடச்சுடப் பொட்டலத்தோடு திரும்பும்போது மைதானத்துச் சுவருக்குள்ளிருந்து சிரிப்பு கேட்டது.

"பால் பூந்து ஸ்டம்பே சாஞ்சி கீது, மன்சன் இன்னும் ஸ்டைலா நின்னுக்கினு கீறாரு!" இனாயத்தின் குரல்.

"போறும்டா, மூச்சு முட்றது!" என்று ஸ்ரீரங்கன் இருமினார்.

சிதம்பரநாதனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஓட்டமும் நடையுமாக உள்ளே போனார். சிரிப்பு சட்டென்று நின்றது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்?" என்று இனாயத் இரண்டு கையாலும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். ஒரு விரல் இன்னும் கோணலாகத்தான் இருந்தது. சிதம்பரநாதன் அதையே பார்த்தார். அன்று கேட்காததை இன்று கேட்கவும் வாய் வரவில்லை.

"இப்ப சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லுப்பா."

"ஐயோ, நான் ஒண்ணும் சொல்லலியே சார்!" இனாயத்தின் முகம் வெளுத்தது.

பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் நின்றார்கள். அவர் உட்காராமல் அவர்கள் உட்காரமாட்டார்கள். அவர் உட்கார்ந்தாலும் பேசமாட்டார்கள்.

"சட்னியை மறந்துட்டேன். உக்காந்து சாப்பிடுங்க, வாங்கிட்டு வந்துடறேன்."

வெளியே வந்து சுவரோரம் நின்றார்.

"சட்னி பார்சல்லயே கீதுப்பா! பந்தையும் வுட்டுட்டாரு, சட்னியையும் வுட்டுட்டாரு!" மறுபடி இனாயத்தின் குரல்.

உள்ளே சிரிப்பு வெடித்தது. சுவருக்கு இந்தப் பக்கம் சிதம்பரநாதனும், சத்தம் கேட்டுவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.