முப்பது டிகிரி

சூட்டைத் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சை வெட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். ஹைதர் ஏணியின் நாலாவது படியில் நின்று, முகமூடிக்குள் மூச்சை அடக்கி, முழ அகலத் துண்டு ஒன்றைக் கூரைச் சட்டங்களுக்கு நடுவே திணித்தான். கழுத்தெல்லாம் அரித்தது. பன்னிரண்டு வருடமாக இந்த அரிப்புதான் அவனுக்குச் சோறு போடுகிறது. ஆனால் இப்படி ஒரு வேலை இதுவரை வந்ததில்லை.

பினாங்கில் யார் வீட்டுக்குப் பஞ்சு வைக்கப் போனாலும், வெயில் உள்ளே வரக்கூடாது என்பார்கள். தஞ்சோங் புங்காவில் இந்தப் பல் டாக்டர் கீர்த்திகா, பங்களாவுக்குப் பின்னால் ஒற்றைத் தளமாக ஒட்டிக் கட்டிய அறையைக் காட்டி, சூடு வெளியே போகக்கூடாது என்றார். முதலாளி இஸ்மாயில் அவன் காலை மிதித்திருக்காவிட்டால் ஹைதர் வாய்விட்டே சிரித்திருப்பான்.

"கிளிக்குஞ்சுங்க வருது, ஹைதர். ஜொகூர்ல பொரிச்சது," என்றார் கீர்த்திகா. "ரெக்க மொளைக்கிற வரைக்கும் முப்பது டிகிரி வேணும். இங்க மரநிழல், கடல்காத்து வேற. மழை பெஞ்சா விடியக்காலைல இருபத்து மூணுக்கு எறங்கிடுது."

"முப்பதுல நிப்பாட்டிடலாம் டாக்டர்," என்றான் ஹைதர். சொன்னபடி செய்கிறவன்தான். நாலு சுவருக்கும் கூரைக்கும் பஞ்சு வைத்து, பலகை அடித்து, வெள்ளை பூசினான். கதவைச் சுற்றி ரப்பர் ஒட்டினான். கதவைத் திறக்காமலே பார்க்கும்படி, சூட்டைக் காட்டும் மீட்டரை வெளிச்சுவரில் பொருத்தினான். சுவரில் ஒரு ஹீட்டர். அறை முப்பதைத் தொட்டால் அது தானே அணையும், குறைந்தால் தானே எரியும். சுவருக்குள் ஒரு தாய்க்கோழி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. முதல் முறை அது அணைந்து எரிந்தபோது, கையிலிருந்த சுத்தியலைக்கூடக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவனுக்கும் வீட்டில் ஒரு குஞ்சு இருந்தது. சலேஹா எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். இருபது நாள் ஆகியும் எடை ஒரு கிலோ எண்ணூற்று ஐம்பது கிராம்தான். ஜெலுத்தோங்கில் ஹபீபா பீவியின் வீட்டுக்குப் பின்னால் ஒட்டிக் கட்டிய அறைதான் அவர்களுக்கு வாடகை வீடு. ஒற்றைச் செங்கல் சுவர், உட்கூரை இல்லாத தகரம், தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி. முன்வீட்டிலிருந்து இழுத்த ஒரே வயரில் ஒரு விளக்கும் ஒரு காற்றாடியும் ஓடின. அதற்கு மேல் எதைச் செருகினாலும் முன்வீடு சேர்ந்து இருண்டுவிடும்.

"ரூம் சூடா இருக்கணும்," என்று ஆஸ்பத்திரித் தாதி சொல்லி அனுப்பியிருந்தாள். "விளக்கு, வெந்நீர் போத்தல் எதுவும் பக்கத்துல வைக்காதீங்க, சுட்டுடும். நெஞ்சோட ஒட்டி வச்சிக்குங்க. பிள்ளைக்குக் குளிருச்சின்னா, குடிக்கிற பாலு பூரா ஒடம்பைச் சூடாக்கவே போயிடும். எடை ஏறாது. அடுத்த மாசம் மொத செவ்வாய்க்கிழமை எடை பார்ப்போம், ரெண்டு கிலோ இல்லன்னா திரும்ப அட்மிட்."

அவன் மனைவி நூருல் ஹுதா இருபது நாளாகச் சட்டைக்குள் பிள்ளையை ஒட்டி வைத்தபடி உட்கார்ந்தே தூங்கினாள். அவள் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் ஹைதர் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொள்வான். அவன் நெஞ்சில் ஒரு உள்ளங்கை அளவு இடத்துக்குள் ஒரு முழு மனுஷி மூச்சு விட்டாள். இத்தனை சின்ன மூக்குக்குள் காற்று எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்று அவனுக்கு ஒவ்வொரு தடவையும் திகைப்பாக இருக்கும்.

டாக்டர் வீட்டில் மிஞ்சிய பஞ்சுத் துண்டுகளை, "எடுத்துக்கோ தம்பி, குப்பைக்குத்தானே போவுது," என்று இஸ்மாயில் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஹைதர் மனைவியையும் பிள்ளையையும் முன்வீட்டில் உட்கார வைத்துவிட்டு, தன் தகரத்துக்கு அடியில் துண்டுகளை வைத்து, கித்தான் அடித்து, இடைவெளிகளை அடைத்தான். வாழ்க்கையில் இவ்வளவு நேர்த்தியாக அவன் எந்த வேலையும் செய்ததில்லை.

மறுநாள் மத்தியானம் ஹபீபா பீவி எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி பண்ணுனே? ஏர்கோன் போட்ட மாதிரி குளுகுளுன்னு இருக்குலா."

சாப்பிட வந்திருந்த ஹைதருக்கு முதலில் பெருமையாக இருந்தது. அடுத்த நொடி சோற்றை விட்டு எழுந்து கையைத் துடைத்தான். பிள்ளையின் பாதத்தைத் தொட்டான். சில்லென்றிருந்தது.

"மச்சான், நமக்கு அடுப்பே அந்தத் தகரந்தானே," என்றாள் ஹுதா. குரலில் கோபம் இல்லை. "வெயில உள்ள விடாம அடைச்சிட்டீங்க."

பன்னிரண்டு வருடப் பழக்கம் கையில் ஊறிப்போய்விட்டது. டாக்டர் வீட்டில் பஞ்சுக்குள்ளே ஹீட்டர் இருந்தது. இங்கே உள்ளே எதுவும் இல்லை. அன்று மாலையே எல்லாவற்றையும் பிய்த்தெறிந்தான். மறுநாளிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. எடை பார்க்கிற செவ்வாய்க்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. தகரத்துக்கு வெயில் வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை கீர்த்திகா குஞ்சுகளை எடுத்துவர ஜொகூருக்குப் போனார். மறுநாள் முழுக்க அறையை ஓடவிட்டு, மணிக்கொரு தரம் சூட்டை எழுதி வைக்கச் சொன்னார்.

"டாக்டர், வீட்டுக்காரியும் பிள்ளையும் கூட வந்து இருக்கட்டுமா?"

"தாராளமா கூட்டிட்டு வாங்க," என்றார் அவர்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இஸ்மாயிலின் வேனில் வந்து இறங்கினார்கள். அறைக்குள் நுழைந்ததும் ஹுதா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அதன் சத்தம்கூட இல்லை. புதுச் சுண்ணாம்பு வாசமும் இதமான சூடும்தான் இருந்தன. பாயை விரித்து உட்கார்ந்தாள்.

பத்து மணிக்கு முப்பது. பதினொன்றுக்கு முப்பது. ஹைதர் வெளியே போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தபோது, ஹுதா விரலால் சைகை காட்டினாள். அவள் மடியில் சலேஹா கைகால்களை நீட்டிப் படுத்திருந்தாள். பிறந்ததிலிருந்து சுருண்டே கிடந்த பிள்ளை. அவளுக்கு இவ்வளவு நீளமான கால்கள் இருப்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. பாதம் இரண்டும் ரோஜா நிறத்தில் இருந்தன.

"மாஷா அல்லாஹ்," என்றான் ஹைதர் மெதுவாக. கண் கலங்கிவிட்டது.

பத்து வாய் குடித்ததும் களைத்துத் தூங்கிவிடுகிறவள், அன்று ஒரு பக்கம் முழுக்கக் குடித்துவிட்டு மறுபக்கத்தையும் தேடினாள். ஹுதாவோ இத்தனை நாளில் முதல் முறையாகப் படுத்துத் தூங்கினாள். தன் கையால் அடித்த நாலு சுவருக்குள் இப்படி ஒன்று நடக்கும் என்று ஹைதர் நினைத்துப் பார்த்ததே இல்லை. இரண்டு மணிக்கு முப்பது. மூன்று மணிக்கு முப்பது புள்ளி ஒன்று.

ஐந்து மணிக்குக் கார் வந்தது. ஹுதா அவசரமாகப் பாயைச் சுருட்டினாள். கீர்த்திகா பிள்ளையைப் பார்த்து, "அடடா, எவ்வளவு சின்னக் கை," என்று உண்மையாகவே உருகினார். ஹைதர் எழுதி வைத்த தாளைப் படித்து, "ஃபர்ஸ்ட் கிளாஸ், ஹைதர்," என்றார். பிறகு போர்வை மூடிய பெட்டியை உள்ளே எடுத்துப்போய்த் திறந்தார்.

ஹுதா பையுடன் வேனுக்கு நடந்தாள். பிள்ளையைக் கையில் ஏந்திய ஹைதர், கதவைப் பிடித்தபடி வாசலில் நின்று பார்த்தான். நாலு குஞ்சுகள். உடம்பில் ஒரு இறகு இல்லை. தோலுக்கு அடியில் இதயம் துடிப்பது தெரிந்தது. ஒன்று தலையைத் தூக்கமாட்டாமல் தூக்கி, அறையின் சூட்டை உணர்ந்ததுபோல அப்படியே கண்ணை மூடியது. அவனால் பார்வையை எடுக்க முடியவில்லை.

"ஹைதர், கதவைச் சாத்திடுங்க," என்றார் கீர்த்திகா திரும்பாமலே. "சூடு போயிடும்."

அவன் வெளியே வந்து சாத்தினான். அவன் ஒட்டிய ரப்பர், சத்தமில்லாமல் இறுகிக்கொண்டது. மழைக்காற்று அடித்தது. சலேஹா கால்களை மடக்கிப் பழையபடி சுருண்டாள். சட்டைப் பித்தான்களைக் கழற்றி அவளை உள்ளே வைத்துக்கொண்டு, அவன் மீட்டரைப் பார்த்தான். இருபத்தொன்பது புள்ளி நாலு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளி ஆறானது, புள்ளி எட்டானது. பிள்ளையின் பாதத்தை உள்ளங்கைக்குள் பொத்தியபடி, அது முப்பதுக்கு வந்து நிற்கும்வரை அவன் அங்கேயே நின்றான்.