சேலையை அளந்து எடுத்த முகம்

என் மாமியார் இருதயம்மாள் போட்டோ என்றாலே நழுவிவிடுவார். நல்ல கறுப்பு நிறம். ஸ்டூடியோக்காரர்கள் எடுத்தால் முகம் இருட்டில் காணாமல் போகும். என் போனில் எடுத்தால் மைதா மாவு பூசியதுபோல் வெளுத்துவிடும். இரண்டிலும் அவர் இல்லை.

இந்த முறை நழுவ முடியவில்லை. எங்கள் தேவாலயத்தை நிர்வகிக்கும் பங்குப் பேரவையின் உதவித் தலைவர்கள் படமெல்லாம் மண்டபச் சுவரில் வரிசையாக இருக்கிறது. அத்தனை பேரும் ஆண்கள். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் இவர்தான். ஈஸ்டருக்குள் படம் மாட்டியாக வேண்டும்.

“நான் முட்டி போடற தூண் பக்கத்துலயே ஒண்ணே ஒண்ணு எடு கண்ணு. மூஞ்சி தெரியலைன்னா மாட்டவே வேண்டாம்” என்று மகளிடம் சொல்லிவிட்டார். அந்த மகள் ஜெனிதா, என் மனைவி. உக்கடத்தில் வாங்கிய பழைய பிலிம் கேமராவைத்தான் நம்புவாள்.

பெரிய வெள்ளி வழிபாடு முடிந்து கூட்டம் கலைந்தது. அன்று கோயிலில் விளக்கு போடும் வழக்கமில்லை, ஜன்னல்களும் சாத்தியிருந்தன. அன்று வந்த எல்லாப் பெண்களையும்போல் வெள்ளைச் சேலை கட்டியிருந்த அத்தை தூணருகே நின்றார்.

ஜெனிதா கேமராவுக்குள் பார்த்தாள். ஒளி அளக்கும் முள் அசையவே இல்லை.

“ஒரு லைட்டப் போட்டுத் தொலைக்கலாமுல்ல?” என்றேன் எரிச்சலோடு.

அவள் கேமராவைச் சேலைக்கு வெகு அருகே கொண்டுபோனாள். முள் மெல்லத் தலைதூக்கி, அரை நொடி என்றது.

“அப்ப அரை நொடி வெச்சு எடு.”

“அப்படி எடுத்துத்தானுங்க இத்தனை நாளா அம்மா மூஞ்சி போச்சு. இந்த முள்ளுக்கு எல்லாமே சாம்பல் நிறம். வெள்ளையக் காட்டுனா வெளிச்சம் நெறைய இருக்குதுன்னு நம்பி நேரத்தக் கொறைச்சுப்போடும். நாம அஞ்சு மடங்கு வெக்கோணும்.”

கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, பட்டனை அமுக்கி இரண்டரை நொடி பிடித்தாள். அத்தை இமைக்கவில்லை. ஒரு கருவி எங்கே ஏமாறும் என்று தெரிந்து, அதையே வைத்து வேலை வாங்குகிறாளே! இவள் என் மனைவி என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

மறுநாள் மதியம் படம் கைக்கு வந்தது. கறுப்பு கறுப்பாகவே இருந்தது. கன்னத்து மேடு, நெற்றிச் சுருக்கம், பேரவைக் கூட்டத்தில் எல்லோரையும் அடக்கும் அந்தப் பார்வை, எல்லாம் இருந்தன.

அத்தை அதை நெடுநேரம் பார்த்தார். கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

“ஆணிய ஓரமா அடிச்சுப்போடாதீங்க மாப்ளே” என்றார். “நடுவுல அடிங்க.”