வாவியைச் சாய்த்த ட்ரொம்போன்

கம்சாயினி ட்ரொம்போனின் இழுகுழாயை முழுதாக வெளியே இழுத்தால் மட்டக்களப்பு வாவியில் தண்ணீர் ஒரு முழம் வற்றும். உள்ளே தள்ளினால் ஏறும். அவள் பாடசாலையில் படிக்கும்போதே நாவற்குடாவில் எல்லோருக்கும் இது தெரிந்துவிட்டது. நீளமான கைகள் உள்ள பிள்ளை என்று பாண்ட் குழுவில் அந்தப் பித்தளை வாத்தியத்தை அவளிடம் கொடுத்திருந்தார்கள். அவள் பயிற்சி செய்யும் மாலைகளில் தகப்பன் அருமைநாயகத்தின் தோணி சேற்றில் உட்காரும், பிறகு மிதக்கும். அவர் மீன்பிடிக்கப் போகும் நேரத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

ஒருநாள் கைத்தொலைபேசியில் ஜாஸ் கேட்டாள். அணிவகுப்புக்கு மட்டுமே என்று அவள் நினைத்திருந்த வாத்தியம் அதில் சிரித்தது, முனகியது, வாய்ச்சண்டை பிடித்தது. அதன் பிறகு அவளை யாராலும் பிடித்துவைக்க முடியவில்லை. கொழும்பில் ஒரு ஹோட்டலில் வாசித்தாள். அங்கே நீச்சல்குளம் மட்டும் அசைந்தது. பிறகு உல்லாசக் கப்பலொன்றில் சேர்ந்தாள். நடுக்கடல் அவளைக் கண்டுகொள்ளவில்லை என்றாலும், துறைமுகங்களை நெருங்கும்போது அடித்தொனிகளை வாசிக்க வேண்டாமென்று கப்டன் பணிவாகக் கேட்டுக்கொண்டார். ஒரு மெட்டைப் பல வாத்தியங்களுக்குப் பங்கிட்டு எழுதும் வித்தையை அவள் கற்றது அந்தக் கப்பலில்தான். வசந்தன் கூத்தின் தாளத்தை எடுத்து அவள் அமைத்த உருப்படிக்கு, கைத்தடி ஊன்றி நடந்த பயணிகள்கூட எழுந்து ஆடினார்கள். சில வருடங்களில் மற்றக் கப்பல்களின் குழுக்களும் அவள் எழுதியதைக் கேட்டு வாங்கி வாசித்தன. பெயர் சம்பாதித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பி, சொந்தமாக ஒரு ஜாஸ் குழு தொடங்கினாள். டோஹாவில் பாண்டில் ஊதிவிட்டு வந்த ஏறாவூர் றவூப் அதில் இரண்டாவது ட்ரொம்போன். அவள் எழுதியதை அவளோடு சேர்ந்து ஊதினால் அவன் குழாய்க்கும் வாவி அசைந்தது.

அந்த வருடம் மாரி மழை விடவேயில்லை. மேற்கே படுவான்கரையில் வயல்வட்டை முழுக்க வெள்ளத்தில் கிடந்தது. அங்கே வயல் செய்யும் ஆச்சிப்பிள்ளை தோணியேறி வந்து கம்சாயினியின் வீட்டு வாசலில் நின்றாள்.

"புள்ள, உன்ட குழாயக் கொஞ்சம் வெளிய இழு. வேளாண்மை அழுகுது."

உள்ளேயிருந்து அருமைநாயகம் வந்தார். "ஊதாத மகள். தண்ணி வத்தினா இறால் குஞ்செல்லாம் கடலுக்குப் போயிரும். எழுவான்கரையில நாங்க என்னத்தப் பிடிக்கிற?"

இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள் கம்சாயினி. இத்தனை வருடத்தில் இந்த ஊரில் ஒருவராவது ஒரு மெட்டு நன்றாயிருந்தது என்று சொன்னதில்லை. தண்ணீரை மட்டுமே பார்த்தார்கள். "நான் என்ன பைப்பா, நீங்க சொல்லச்சொல்லத் திறந்து பூட்ட?" என்று கத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அடுத்த நாள் யாருக்கும் சொல்லாமல் படுவான்கரைக்குப் போனாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆச்சிப்பிள்ளை பயிரைத் தடவிப் பார்ப்பதைக் கண்டாள். திரும்பி வந்து எழுத உட்கார்ந்தாள். அவள் எழுதியவற்றில் மிகக் கடினமானது அதுதான். இரண்டு ட்ரொம்போன்கள், இரண்டு கரைகள். மேற்கே அவள் இழுக்கும்போது கிழக்கே றவூப் தள்ள வேண்டும். ஒலி வாவியைக் கடக்கும் நேரத்தையும் கணக்கில் எடுத்து, றவூப்பின் இடங்களை முன்தள்ளி எழுதினாள். குழுவின் மற்றவர்கள் வாவி நடுவே தோணிகளைப் பிணைத்து அதில் உட்கார்ந்தார்கள்.

"பிழைச்சா ரெண்டு பக்கமும் போயிரும், தங்கச்சி," என்றான் றவூப்.

"பிழைக்காது, றவூப் நானா. நான் ஊதுறதக் கேட்டு ஊதாதீங்க, எழுதினத மட்டும் ஊதுங்க."

வாசித்தார்கள். தண்ணீர் வயல்களை விட்டு மெல்ல இறங்கியது. கடலுக்குப் போகாமல் கிழக்கே எழுவான்கரைப் பக்கமாய்ப் போய், அங்கே ஒரு துளி சிந்தாமல் உயர்ந்து நின்றது. வாவி கூரையைப்போல் சரிந்து கிடந்தது. அருமைநாயகத்தின் வலையில் இறால் குறையவில்லை. மழை விடும்வரை, இளைப்பாறி இளைப்பாறி, உதடு வெடித்து இரத்தம் கசிய ஊதினாள் கம்சாயினி. பயிர் தலை நிமிர்ந்ததும் வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைக்கப் போனாள்.

வரம்பில் உட்கார்ந்திருந்த ஆச்சிப்பிள்ளை எழும்பி வந்தாள். "நடுவில ஒரு இடம், அழுறாப்போல வந்து பிறகு சிரிக்குமே... அத இன்னொருக்கா ஊது புள்ள."

"தண்ணிதான் வடிஞ்சிற்றே மாமி. இன்னும் என்னத்துக்கு?"

"தண்ணிக்கில்ல. எனக்கு."

கம்சாயினி பெட்டியை மூடி ஒதுக்கினாள். பிறகு வெடித்த உதட்டில் வாத்தியத்தை வைத்து, அந்த இடத்தை அவளுக்காக மட்டும் வாசித்தாள். அக்கரையில் இருந்த றவூப்பும் கேட்டுவிட்டுத் தன் பங்கை ஊதினான்.

இப்போது அவர்களுடைய கச்சேரி செங்கலடியிலும் கல்குடாவிலும் நடக்கிறது. இரு கரையாரும் வந்து, பிடித்த இடங்களைத் திரும்பக் கேட்கிறார்கள். வாவி அன்று சரிந்தது முழுதாக நிமிரவில்லை. தோணிக்காரர்கள் படுவான்கரைக்குப் போகும்போது துடுப்புப் போடுவதில்லை; திரும்பும்போது கொஞ்சம் கூடுதலாக வலிக்கிறார்கள்.