வடக்கைத் திருப்பிய மாப்பிள்ளை

வீடு கட்டி முடியும்வரை காத்திருப்பானேன் என்று தில்லைநாயகமும் அவர் மனைவி வடிவும் வீட்டுப் பிளானிலேயே குடியேறிவிட்டார்கள். பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டரில் பிளான் வரைந்து கொடுப்பதுதான் தில்லைநாயகத்தின் தொழில். ஊருக்கெல்லாம் வரைந்தவர் தனக்கும் ஒன்று வரைந்தார். நல்ல நாள் பார்த்து ஃபைலைத் திறந்து, பால் காய்ச்சிக் குடித்துவிட்டு உள்ளே போனார்கள். கம்ப்யூட்டரையும் கையோடு தூக்கிக்கொண்டு போய் ஹாலில் வைத்துக்கொண்டார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல வீடு. சுவர் என்பது இரண்டே கோடுதான், ஆனாலும் பேச்சு வெளியே கேட்காது. கதவு திறக்கும் வளைவு தரையில் வரைந்தபடியே கிடந்தது. முதல் வாரம் இருவரும் அதில் தடுக்கி விழுந்தார்கள், பிறகு பழகிவிட்டது. ஹாலின் நீளத்தைக் காட்டும் அளவுக்கோட்டில் வடிவு துணி காயப்போட்டாள். அடுக்களை நடுவே ‘சமையலறை’ என்ற எழுத்து நின்றது. அதில் ‘ல’வின் வளைவில் கரண்டியை மாட்டினாள். தோட்டத்து மரங்கள் மேலிருந்து பார்த்த மாதிரி வெறும் வட்டமாக இருந்தன, அடிமரமே கிடையாது. அதனால் என்ன, நிழல் இருந்தது.

படுக்கப் போகும்முன் மற்ற வீட்டுப் பெண்கள் கதவைப் பூட்டியாச்சா என்று கேட்பார்கள். வடிவு கேட்பது வேறு.

“சேவ் பண்ணியாச்சா?”

“ஆச்சு.”

அவள் கேட்டபிறகுதான் அவர் சேவ் பண்ணுவார். ஆனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுவார்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருக்கும்போது கிழக்கே ஆறுமுகநேரியிலிருந்து மாமனார் ஆவுடையப்பன் வந்து சேர்ந்தார். செருப்பைக் கழற்றிச் சுவரின் இரண்டு கோட்டுக்கும் நடுவே விட்டார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். எல்லாப் பிளானிலும் எது வடக்கு என்று காட்ட ஓரத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும். அதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

“மாப்ளே, அடுப்பு எங்க கெடக்கு?”

“அடுக்களையில மாமா.”

“அடுக்களை எங்க கெடக்கு?”

“வடகிழக்குல.”

“ஈசானிய மூலையில எவனாவது நெருப்ப வைப்பானா? அடுப்புன்னா தென்கிழக்குல்லா, அக்கினி மூலைல்லா! எம்புள்ளைய இந்த வீட்டுல விட மாட்டேன். காலைல கூட்டிட்டுப் போயிருவேன்.”

“அப்பா சொன்னா சொன்னதுதான்,” என்றாள் வடிவு. கண் கலங்கியிருந்தது. “ஒண்ணு, அந்த மூலைய மாத்துங்க. இல்ல, நான் கெளம்பணும்.”

பையை எடுத்துச் சேலைகளை மடித்து வைத்தாள். அன்றைக்கு அவள் சேவ் பண்ணியாச்சா என்று கேட்கவில்லை. இவள் இல்லாமல் இந்த வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று தில்லைநாயகத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அடுக்களையைப் பிடித்து நகர்த்தினார். மாடிப்படி இடித்தது. மாடிப்படியை நகர்த்தினார். அது பூஜை அறைக்குள் ஏறியது. பூஜை அறையை நகர்த்தினார். அது விளக்கோடு கிணற்றில் விழுந்தது. மாமனார் கிணற்றை எட்டிப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார். தில்லைநாயகம் எல்லாவற்றையும் பழையபடி கொண்டுவந்து வைத்தார்.

பிளான் போடுகிற எல்லோருக்கும் தெரிந்த ஒரு தில்லுமுல்லு உண்டு. செய்தேன் என்று ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார். தில்லைநாயகம் அடுக்களையை விட்டுவிட்டு அம்புக்குறியைப் பிடித்தார். மேலே பார்த்துக்கொண்டிருந்த வடக்கைக் கால் வட்டம் இடது பக்கமாகத் திருப்பினார். எண்டர் தட்டினார்.

மறுநாள் சூரியன், அதுவரை வடக்கே இருந்த கோவில்பட்டி ரோட்டுப் பக்கமாக உதித்தது.

“இன்னைக்கு இந்தப் பக்கமா?” என்றார் பால்காரர். பாலை ஊற்றிவிட்டுப் போனார். மொட்டைமாடிகளில் வடகம் காயப்போட்டவர்கள் பாயை இழுத்துத் திருப்பிப் போட்டார்கள். ஊரில் நடந்தது அவ்வளவுதான்.

ஆவுடையப்பன் அடுக்களையில் நின்று சூரியனைப் பார்த்துக் கையை நீட்டினார். “இது கிழக்கு. அப்ப இது தெக்கு. அட, அடுப்பு அக்கினி மூலையிலதான இருக்கு! நேத்து என் கண்ணுக்கு என்ன கேடு வந்துது?”

“வயசாச்சுல்லாப்பா,” என்றாள் வடிவு. புருஷன் முகத்தைப் பார்க்காமல் சேலைகளைப் பையிலிருந்து வெளியே எடுத்தாள்.

மாமனார் நிம்மதியாக ஊருக்குப் பஸ் ஏறினார். மத்தியானம் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார்.

“கிழக்கதான் போச்சு. கோவில்பட்டியில எறக்கி விட்டுட்டான்.”

“கண்டக்டர்ட்ட கேக்கலையா மாமா?”

“கேட்டேன். கிழக்கே இதுதான்யா இருக்குங்கான்.”

மறுநாளும் போனார். மறுநாளும் கடலைமிட்டாய். அதற்கும் மறுநாள் டப்பா நிறைந்துவிட்டது. அப்பா இருக்கும்போது புருஷனிடம் சேவ் பண்ணியாச்சா என்று கேட்க வடிவுக்குக் கூச்சம். சேவ் என்ற பேச்சே வீட்டில் எழவில்லை.

ஆவுடையப்பன் அம்புக்குறி முன்னால் போய் நின்றார்.

“இது மேலல்லா பாத்துட்டு நின்னுது?”

தில்லைநாயகம் எழுந்து நின்றார். “ஆமா மாமா.”

“திருப்புனா எனக்கு ஊருக்குப் பஸ் கெடைக்குமா?”

“கெடைக்கும்.”

“அடுப்பு?”

“ஈசானியத்துக்குப் போயிரும்.”

மாமனார் ஒரு கடலைமிட்டாயைக் கடித்தார். நிதானமாக மென்று முடித்தார். வடிவு கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஊருல எனக்காவ யாரு காத்துட்டு இருக்கா? வீட்டத் தொறந்தா எதிரொலிதான் வாங்கன்னு சொல்லுது. எனக்கு ஒரு ரூம் போடுங்க மாப்ளே. தென்மேற்குல, கன்னி மூலையில. ஜன்னல் பெருசா இருக்கட்டும்.”

தில்லைநாயகம் உடனே வரைந்தார். கட்டில் இரண்டு தலையணையோடுதான் வந்தது. ஒன்றில் மாமனார் தலை வைத்துக்கொண்டார். இன்னொன்றில் மிட்டாய் டப்பாவை வைத்தார்.

சூரியன் நாகர்கோவில் பக்கமாக இறங்கியது. வடிவு அளவுக்கோட்டிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். தில்லைநாயகம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவ்வளவு நிறைவாக அவர் உட்கார்ந்ததே இல்லை.

கன்னி மூலையிலிருந்து குரல் வந்தது.

“மாப்ளே! சேவ் பண்ணியாச்சா?”

“ஆச்சு மாமா!” என்றார் தில்லைநாயகம். சொல்லிவிட்டு விழுந்தடித்துக் கம்ப்யூட்டருக்கு ஓடினார். கதவு வளைவு காலைத் தட்டிவிட்டது. வடிவு துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.