கோழி அடைப்பைத் துவைத்தவர்

சலவைக்கடைக்காரருக்கு அழுக்கைப் பற்றி ஒரே கொள்கைதான்: சோப்பு, தண்ணீர், தேய்ப்பு. சட்டைக் காலரானாலும் சரி, கொல்லைப்புறத்தில் மனைவி வளர்க்கும் ஆறு கோழிகளின் வலையடைப்பானாலும் சரி.

மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "ஞாயித்துக்கெழமை வந்து மோந்து பாப்பேன். நாத்தம் இருந்துச்சுன்னா கோழியெல்லாம் கறிக்கடைக்குப் போயிடணும்."

மனைவி தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தாள். "கோழி போனா நானும் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

காலையும் மாலையும் குழாய் பிடித்துத் தேய்த்தார். முதல் நாள் சோப்பு மணத்தது. மறுநாள் சோப்பும் எச்சமும் கைகோத்துக்கொண்டு மணத்தன. நான்காம் நாள் தரை பச்சைக் கூழாகி நுரைத்தது. கால் வைத்தால் விரலிடுக்கில் வெதுவெதுப்பாக ஏறியது. காலை எடுத்தால் செருப்பு வரவில்லை. கூழில் புழுக்கள் குடும்பத்தோடு நீந்தின. கோழிகள் கம்பின் மேல் ஏறி நின்று, வேண்டாத சம்பந்தி வீட்டுக்கு வந்தவர்கள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டன.

சனிக்கிழமை மனைவியின் அண்ணன் வந்தார். தச்சர். வாசலிலேயே கைக்குட்டை மூக்குக்குப் போய்விட்டது.

"என்ன மாப்ள, உள்ள யாராவது செத்துட்டாங்களா?"

"தினம் ரெண்டு வேளை கழுவுறேன் மச்சான். இன்னிக்கு மூணு வேளையாக்கலாம்னு இருக்கேன்."

"கழுவுறதாலதான் நாறுது. எச்சம் காஞ்சா கூட்டி அள்ளிடலாம். நனைஞ்சா இந்தக் கதிதான். சட்டையா அது, துவைக்கறதுக்கு?"

இருபது வருடத் தொழிலை ஒரே வாக்கியத்தில் கவிழ்த்துவிட்டார் மச்சான். சலவைக்கடைக்காரர் மண்வெட்டியை எடுத்தார். வாளி வாளியாகக் கூழை அள்ளிக் குழியில் கொட்டினார். ஒரு துளி உதட்டில் தெறித்தது. துடைத்த கை உதட்டைவிட மோசம். அதன் ருசியை அவர் சாகும்வரை யாரிடமும் சொல்லப்போவதில்லை. மச்சான் மழை படாமல் அடைப்புக்கு மேலே தகரம் போட்டு, தரையில் காய்ந்த மண் பரப்பி, தன் பட்டறையிலிருந்து கொண்டுவந்த ஒரு மூட்டை மரச்சீவலை நாலு விரல் கனத்துக்குக் கொட்டினார்.

ஞாயிறு மாலை வீட்டுக்காரம்மா குனிந்து, மூச்சை நன்றாக இழுத்தார்.

"பலகை வாசனைதான் வருது. கோழி இருக்கட்டும்." நிமிர்ந்தவர் சலவைக்கடைக்காரர் பக்கம் ஓரடி வைத்து, ஈரடி பின்வாங்கினார். "ஆனா இது எங்கேருந்து வருது?"

"நாலு தடவை குளிச்சேம்மா," என்றார் அவர். "சோப்புப் போட்டு."

"மூட்டையில இன்னும் கொஞ்சம் சீவல் இருக்கு மாப்ள," என்றார் மச்சான்.

மனைவி எங்கும் போகவில்லை. ஒரு கோழியை மடியில் வைத்துக்கொண்டு, கணவரைவிட்டு நன்றாகத் தள்ளி உட்கார்ந்தாள்.