உப்பு பூத்த தரை

புது வீட்டைப் பழசாக்கித் தரச்சொல்லி ஆள் கூப்பிடுவார்கள் என்று முன்னொரு காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் ராஜாராம் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். இப்போது அவனுக்குப் பிழைப்பே அதுதான். காங்கிரீட் தரையில் ஆசிட் கலந்த சாயத்தைத் தெளித்து, தலைமுறை தலைமுறையாக ஆள் நடந்து தேய்ந்த மாதிரிப் பழுப்பேற்றிக் கொடுப்பான். சதுரங்கப்பட்டினத்தில் ரோகிணி கட்டிய வீட்டில் இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தது மச்சான் வெங்கடேசன். அந்த வீட்டைக் கட்டிய மேஸ்திரியும் அவன்தான். ராஜாராமின் மனைவி சுஜாதாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

"நம்ம ஊர் டச்சுக் கோட்டைக்குள்ள இருக்கிற பழைய தரை மாதிரி வேணும்ண்ணா," என்று ரோகிணி சொல்லியிருந்தாள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவள். நாளை மறுநாள் கிரகப்பிரவேசம். ஹாலின் கூரையான மேல்தளத்தில் மகளுக்கு ஊஞ்சல் மாட்டக் கொக்கிகூடப் போட்டாயிற்று.

சாயம் அருமையாகப் பிடித்தது. கழுவிக் காயவிட்டான். பளபளப்புக்கு மேலே சீலர் பூசுவதுதான் பாக்கி. காலையில் வந்து கதவைத் திறந்தால், தரை முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு! ஈரத்துணியால் துடைத்தான், போய்விட்டது. அப்பாடா என்று உட்கார்ந்து டீ குடித்து முடிப்பதற்குள் தரை காய்ந்தது, வெள்ளை மறுபடி வந்தது. சனியன்! தான்தான் சரியாகக் கழுவவில்லையோ என்று திருக்கழுக்குன்றத்திலிருந்து லாரித் தண்ணீர் வரவழைத்து, முழுத் தரையையும் தேய்த்துக் கழுவினான். மத்தியானம் அது மறுபடி வந்தது.

துடைப்பம் எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனான். அந்த அறைக்கு அவன் இன்னும் சாயமே பூசவில்லை. ஒரு சொட்டு ஆசிட் அங்கே விழவில்லை. அங்கேயும் மூலையெல்லாம் வெள்ளை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். கரித்தது. வாசலில் இருக்கும் போர் தண்ணீரும் இப்படித்தான் கரிக்கும். கடல் கூப்பிடு தூரத்தில் அல்லவா இருக்கிறது! அந்தத் தண்ணீரிலா மச்சான் காங்கிரீட்டைக் கலந்தான்? உப்பு ஏறினால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதும், ஒருநாள் காங்கிரீட் பெயர்ந்து விழும். அது மேஸ்திரிக்குத் தெரியாதா என்ன?

சாயங்காலம் ரோகிணியும் வெங்கடேசனும் ஒன்றாக வந்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஹால் முழுக்க நடந்து பார்த்தாள்.

"ஐயோ, சூப்பர்ண்ணா! இந்த வெள்ளையெல்லாம் அச்சு அசல் கோட்டை மாதிரியே இருக்கு. இதை அப்படியே வச்சு சீலர் போட்டுடுங்க. என் ஃப்ரெண்ட்ஸ் வீட்டுக்கும் நீங்கதான் பண்ணணும்."

கேளுங்கள் கூத்தை! காலையிலிருந்து செத்துச் செத்துப் பிழைத்தவனுக்குப் பாராட்டு. வெங்கடேசன் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

"அதான் மேடமே சொல்ட்டாங்களே மாப்ள! சீலரை எட்து அடி, இன்னா பாத்துகினு கீற?"

ராஜாராம் வாளியில் ரோலரை முக்கினான். பூசிவிட்டால் முடிந்தது. அவனுக்கு நல்ல பேர், மச்சானுக்கு மானம், சுஜாதாவுக்குப் பிறந்தவீடு, எல்லாம் தங்கும். ரோகிணி அண்ணாந்து கொக்கியைப் பார்த்து, "ஊஞ்சல் எப்பம்மா எப்பம்மான்னு பாப்பா உயிரை வாங்குறா," என்று சிரித்தாள்.

ரோலரைக் கீழே வைத்துவிட்டான்.

"மேடம், இது என் சாயம் இல்ல. உப்பு. காங்கிரீட்டுக்கு உள்ளருந்து வருது."

"உப்பா? எப்படி?"

"மாப்ள, வாய மூடு!" என்றான் வெங்கடேசன். ரோகிணி திரும்பிப் பார்த்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது. "தரைக்கு மட்டுந்தான் மேடம். அன்னிக்கு லாரி வரல, போர் தண்ணில கலந்துட்டோம். மேல்தளத்துக்கு நல்ல தண்ணிதான்."

நிஜமா என்று கேட்பதுபோல அவள் ராஜாராமைப் பார்த்தாள். அவனுக்கு மட்டும் என்ன தெரியும்? தளம் போட்ட அன்று அவன் இந்தப் பக்கமே வரவில்லை.

"மச்சான், சுஜாதா மேல சத்தியம் பண்ணு," என்றான்.

தங்கை என்றால் உயிரை விடுகிறவன் வெங்கடேசன். வெள்ளை பூத்த தரையைக் கால் விரலால் தேய்த்தான்.

"ஊஞ்சல் மட்டும் மாட்டாதீங்க, மேடம்," என்றான்.